பதினெட்டு மீட்டர் குறைச்சல்

பள்ளியில் படித்த காலத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை நான்கு நிமிடம் இருபது விநாடியில் ஓடியவர் சர்வேயர். ஆண், பெண் என்று பிரிக்காத அந்தப் பள்ளிச் சாதனைப் பலகையில் இருபத்தாறு வருடமாக அவர் பெயரை யாராலும் அசைக்க முடியவில்லை. இப்போது மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். அந்தப் பலகையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாங்காது.

அதே பள்ளியில் படிக்கும் அக்கா மகள், புதிய செயற்கைத் தடத்தில் நான்கு இருபத்தெட்டில் ஓடி மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். சர்வேயர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எட்டு விநாடி பின்னாடிதான் இருக்கே. நாங்க வெறுங்கால்ல, சரளையில ஓடினோம். அப்ப ஒரு ரவுண்டே நானூறு மீட்டருக்கு மேல இருக்கும்."

"அளந்து பாத்தீங்களா மாமா?"

சர்வேயரிடம் கேட்கிற கேள்வியா அது! ஞாயிறு காலையே நாடாவோடு கிளம்பினார். பழைய மைதானத்தின் ஓரக்கற்கள் அப்படியே இருந்தன. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு வளைவிலும் குனிந்து நிமிர்ந்து அவர் இடுப்பு கழன்றது. மொத்தம் முந்நூற்று எண்பத்திரண்டு.

நாடாவைச் சந்தேகித்து மறுபடி அளந்தார். அரை மீட்டர் இன்னும் குறைந்தது. மூன்றாவது தடவைக்குத் துணிவில்லை.

"எவ்வளவு மாமா?"

எல்லைத் தகராறுகளில் யார் கெஞ்சினாலும் ஓர் அடியைக்கூட மாற்றி எழுதாதவருக்கு, சொந்த விஷயத்தில் பதினெட்டு மீட்டரை விழுங்கிவிட ஆசை வந்தது.

"முந்நூத்தி எண்பத்திரண்டு," என்றார் மென்று முழுங்கி.

அவள் கைபேசியில் கணக்குப் போட்டாள். "அப்ப உங்க நேரம் நாலு முப்பத்திரண்டு. நான் நாலு விநாடி முந்திட்டேன்!" துள்ளிக் குதித்தவள் அவர் முகத்தைப் பார்த்து அடங்கினாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா."

அந்த இரக்கம்தான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை தலைமையாசிரியையின் மேசையில் வைத்தார். அந்த அம்மா படித்துவிட்டுச் சிரித்தார்.

"யாராலும் முறியடிக்க முடியலைன்னு நீங்களே வந்துட்டீங்களா சார்?"

பலகையில் அக்கா மகளின் பெயர் ஏறியது. வீட்டில் மனைவி கவலையோடு கேட்டாள், "இனிமே விருந்தாளி வந்தா என்ன பேசுவீங்க?"

அடுத்த ஞாயிறே மனைவியின் தம்பி வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சர்வேயர் ஆரம்பித்துவிட்டார்: "எங்க அக்கா பொண்ணு மட்டும் அந்தப் பழைய மைதானத்துல ஓடியிருந்தா, நாலு பதினாறு மாப்ளே! நானே அளந்து சொல்றேன்."