பென்சிலில் எழுதிய ஒன்று

காலை எட்டு மணிக்குள் அறுபது டோக்கனும் தீர்ந்துவிட்டது. அட்டெண்டர் செபஸ்தியான் முதல் நாள் மத்தியானமே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுச்சீட்டிலும் எண் எழுதி, பள்ளி முத்திரை குத்தி, ரப்பர் பாண்டு போட்டு வைத்திருந்தார். முதல் பத்துப் பேருக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கொடுத்தார். பதினோராவது சீட்டுக்கு நீண்ட கையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அது அவர் மகள் பிரான்சியின் கை. "தேங்க்ஸ் சார்" என்றாள். வீட்டில் அப்பா, பள்ளி கேட்டுக்குள் நுழைந்தால் சார். ஆறாம் வகுப்பிலிருந்து அவளாகவே வைத்துக்கொண்ட சட்டம் அது. இத்தனை வருஷமும் அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். இன்றைக்கு அந்த சார் சுருக்கென்று தைத்தது.

பிளஸ் ஒன் அட்மிஷன் என்றால் பள்ளியைச் சுற்றி மேலப்புதூர்த் தெருவெல்லாம் ஸ்கூட்டராக நிற்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார்கள், திருவானைக்காவலிலிருந்து வருவார்கள், துறையூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் வராந்தா பெஞ்சில் நூல் கட்டிய பென்சில் இருக்கும். பேனாவைத் தொடக்கூடாது. தலைமையாசிரியை சிஸ்டர் கேத்தரின் போட்ட விதி அது. அப்பா ஒரு குரூப் எழுதுவார், அம்மா அடிப்பார், மாமா போனில் வேறு சொல்வார், விண்ணப்பம் கந்தலாகிவிடும். அதனால் எந்தக் குரூப் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று போட வேண்டும். உள்ளே கூப்பிட்டுப் பேசி முடிவான பிறகு சிஸ்டரே தன் மைப்பேனாவால் அதன்மேல் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம் போப்பாண்டவரே வந்து கேட்டாலும் மாறாது. அழிக்கிற ரப்பர் செபஸ்தியானின் சட்டைப் பையில் இருக்கும். வேண்டியவர்கள் அவரிடம் வாங்கி அழித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வராந்தாவில் நின்று அவர் கற்றுக்கொண்ட இலக்கணம் ஒன்று உண்டு. பர்ஸ்ட் குரூப் 'கிடைக்கும்'. கம்ப்யூட்டர் சயின்ஸ் 'கிடைக்கும்'. காமர்ஸைக்கூட 'எடுப்பார்கள்'. தொழிற்பிரிவு மட்டும் இதுவரை ஒருத்தருக்கும் கிடைத்ததில்லை, ஒருத்தரும் எடுத்ததில்லை. அதற்குத் 'தள்ளிவிடுவார்கள்'. "என்னாச்சு?" என்று போனில் யாரோ கேட்பார்கள். "வொக்கேஷனலுக்குத் தள்ளிட்டாங்க" என்று இந்தப் பக்கம் குரல் உடையும். ஸ்டாப் ரூமில் டீச்சர்களும் அப்படித்தான் பேசினார்கள். டீ கொண்டுபோய் வைக்கிறபோது கேட்டுக் கேட்டு அவர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. அந்த வகுப்பு இரண்டாவது மாடியில் கடைசி அறை, தண்ணீர்த் தொட்டியை ஒட்டினாற்போல. அங்கே பெஞ்சு உடைந்தால் ஒரு மாதம் கழித்துத்தான் ஆசாரி வருவார். அதுவும் அவருக்குத் தெரியும், ஆசாரிக்குப் போன் செய்வதே அவர்தான்.

நேற்றுச் சாயங்காலம் பாலக்கரை வீட்டில் பிரான்சி குண்டைத் தூக்கிப் போட்டாள். நானூற்று முப்பத்தோரு மார்க் வாங்கின பெண். மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள், "நான் நர்சிங் குரூப்பு எடுக்கறேன்ப்பா."

"எது, தொழிற்பிரிவா? ஏன், உனக்கு என்ன கொறச்சல்?" என்று செபஸ்தியான் எழுந்தே விட்டார். "நர்ஸ்தான் ஆகணும்னா பயாலஜி எடு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு அதத்தான் கேப்பாங்க. பேர்ல நர்சிங்னு இருக்கேன்னு ஏமாந்து போற புள்ளைங்கள எத்தன பேர நான் பாத்திருக்கேன்!"

"தெரியும்ப்பா. எனக்கு டிப்ளமோ போதும்."

"ஏன் போதும்? யாரு கேட்டா போதும்னு?"

பிரான்சி மிக்சரை மூடி வைத்தாள். "நம்ம ஸ்கூல்ல பயாலஜின்னா கணக்கும் சேத்துத்தான். கணக்குல நான் தொண்ணூத்தி ரெண்டு. அதுல ஒரு கணக்குகூட எனக்குப் புரியாது. எப்படிப் போட்டேன்னு கேளுங்க. எண்ணு மாறாம, வரி மாறாம மனப்பாடம் பண்ணேன். பரீட்ச ஹால்ல கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் ரெண்டு வருஷம் அப்படி என்னால முடியாதுப்பா. அம்மா வார்டுல போய் நின்னேன்ல லீவுல, பி.பி. பாக்கறது ஒரே தடவைல புரிஞ்சிச்சு. டிரிப் ஏறுற வேகம் எப்படிக் கணக்குப் பண்றாங்கன்னு அங்க ஒரு நர்ஸ் அக்கா சொன்னப்ப, அந்தக் கணக்கு மட்டும் எனக்குப் புரிஞ்சிச்சு."

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் செபஸ்தியானுக்கு ஆத்திரமாக வந்தது. "உங்கம்மா அங்க பெட்பேன் தூக்கறா. நீயும் போய் அவ பக்கத்துல நில்லு, நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மனைவி லூர்துராணி தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமா, தூக்கறேன். படுத்திருக்கறவங்களுக்குத்தான் தெரியும் அதோட அரும" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சட்னி அரைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இன்றைக்குக் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது, "புள்ள பயந்து போயிருக்காங்க. அத மட்டும் மனசுல வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் மட்டும் பயப்படவில்லையா என்ன? இருபத்திரண்டு வருஷமாக இவர் டீ கொடுத்த அத்தனை டீச்சர்களும் நாளைக்கு என்ன பேசுவார்கள்? 'நம்ம செபஸ்தியான் பொண்ணையே தள்ளிட்டாங்களாம்.' பின்னால் அவளே ஒருநாள் வந்து, 'அன்னைக்கு ஏன்ப்பா என்னைத் தடுக்கல' என்று கேட்டால்? ராத்திரி முழுக்கப் புரண்டதில் கண் எரிந்தது.

"சார்..." என்று யாரோ முழங்கையைத் தொட்டார்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தங்கையன், டோக்கன் பன்னிரண்டு. வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தவர், மகளைப் பெஞ்சில் விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தார். "பாப்பா எரநூத்தி அறுவத்தெட்டு சார். பர்ஸ்ட் குரூப்பு குடுக்க மாட்டாங்களாம், வெளில பேசிக்கறாங்க. தொழில் குரூப்புக்குத் தள்ளிருவாங்கன்னு... நீங்க ஒரு வார்த்த சிஸ்டர்கிட்ட சொன்னா..."

செபஸ்தியானுக்கு இதற்கென்று ஒரு பேச்சு தயாராக உண்டு. யோசிக்க வேண்டியதே இல்லை, பட்டனைத் தட்டினால் ஓடும். "அட, ஏங்க கலங்குறீங்க? தொழிற்பிரிவுன்னா எளப்பமா? அதுவும் நல்ல குரூப்புதாங்க. புடிச்சுப் படிச்சா புள்ள நல்லா வந்துரும். மார்க்குல என்னங்க இருக்கு, பயமில்லாம படிக்கணும், அதான் முக்கியம்."

தங்கையன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரி சார்" என்று போய் உட்கார்ந்தார்.

திரும்பினால் பெஞ்சு நுனியில் பிரான்சி. நூல் கட்டிய பென்சில் கையில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். எழுதி முடித்த விண்ணப்பத்தை நீட்டி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "சார், இதையே எனக்கும் ஒரு தடவ சொல்லுங்களேன்."

அவருக்குக் காது மடல் சுட்டது. விண்ணப்பத்தை வாங்கி டோக்கன் சீட்டை மேல் மூலையில் குண்டூசியால் குத்தினார், அடுத்த ஆளிடம் போனார்.

பத்துப் பத்து விண்ணப்பமாகச் சேர்த்து, ஒரு கட்டாக வரிசைப்படுத்தி சிஸ்டர் அறைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. இரண்டாவது கட்டை எடுத்துக்கொண்டு நடந்தவர், பெல் தொங்குகிற தூணுக்குப் பின்னால் நின்றார். மேலே இருந்தது பதினொன்று. ஐந்து குரூப்புக்கு ஐந்து கட்டம். நர்சிங் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு. 2 இல்லை, 3 இல்லை. மற்ற நாலு கட்டமும் காலி. அழுத்தி எழுதியிருந்தாள், தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டது. பிடிவாதத்தைப் பார், சேசுவே!

பையிலிருந்து ரப்பரை எடுத்தது தெரியும். தேய்த்ததும் தெரியும். ஊதினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முதல் கட்டத்தில், கணிதம் உயிரியல் என்று இருந்த இடத்தில் 1 போட்டார். எல்லாம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை. நல்லதுக்குத்தானே, பெத்தவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்று மனசு சொன்னது. சிஸ்டர் மேஜையில் கட்டை வைக்கும்போது மேல் தாள் உள்ளங்கை ஈரம் பட்டு லேசாகச் சுருங்கியிருந்தது.

எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு டோக்கனையும் கூப்பிடக் கூப்பிட அவர் குரல் கம்மிக்கொண்டே வந்தது. பத்தாவதாகப் போனது ஸ்ரீரங்கத்துப் பெண், நானூற்று எண்பத்தொன்பது, இரண்டே நிமிஷத்தில் பர்ஸ்ட் குரூப்போடு வெளியே வந்தது. அம்மா அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டு, "கெடச்சிடுத்து, கெடச்சிடுத்து" என்றார்.

"டோக்கன் பதினொண்ணு" என்றார் செபஸ்தியான்.

பிரான்சி உள்ளே போனாள். பெற்றோர் என்ற முறையில் அவரும் போக வேண்டும், அட்டெண்டர் என்ற முறையில் கதவருகே நிற்க வேண்டும். கதவருகேயே நின்றார். அவர் கண் மேஜையை விட்டு நகரவில்லை.

"வா பிரான்சி" என்றார் சிஸ்டர் கேத்தரின், மைப்பேனாவின் மூடியைத் திருகியபடி. "நானூத்தி முப்பத்தொண்ணு, ரொம்ப சந்தோஷம். பயோ மேத்ஸ் கேட்டிருக்க. அப்படித்தான?"

பிரான்சி குனிந்து தன் விண்ணப்பத்தைப் பார்த்தாள். மேல் மூலையில் டோக்கன் சீட்டு, அதில் 11. கீழே கட்டத்தில் ஒரு 1. செபஸ்தியானும் அப்போதுதான் அதைக் கவனித்தார். அவர் எழுதுகிற ஒன்றுக்குத் தலையில் தொப்பியும் காலில் பலகையும் இருக்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எழுதி வருகிறார். அறுபது டோக்கனிலும் அதே ஒன்றுதான். இப்போது அந்தத் தாளில் மூன்று ஒன்றுகள் ஒரே அச்சாக நின்றன. அவள் ஒன்று அப்படி இருக்காது. அது வெறும் கோடு.

பிரான்சி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். அவளுக்குப் பயம் வந்திருந்தது, அவருக்காக. விண்ணப்பத்தில் கை வைத்த அட்டெண்டருக்கு என்ன ஆகும் என்று யோசிக்கிற முகம் அது.

"ஆமா சிஸ்டர்" என்றாள். "நான்தான் எழுதினேன்."

பேனா தாளை நோக்கி இறங்கியது. செபஸ்தியானுக்கு அந்த நேரத்தில் டீச்சர்களும் ஞாபகம் வரவில்லை, ஸ்டாப் ரூமும் ஞாபகம் வரவில்லை. பரீட்சை ஹாலில் கை நடுங்க உட்கார்ந்திருந்த பிள்ளைதான் கண்ணுக்குள் வந்தது. நான் பெத்த பிள்ளை எனக்காகப் பொய் சொல்லுகிறதே!

"சிஸ்டர், எழுதாதீங்க."

பேனா நின்றது. அவர் கதவை விட்டு இரண்டடி உள்ளே வந்திருந்தார்.

"அது என் ஒண்ணு சிஸ்டர். வர்ற வழியில அழிச்சிட்டு நான்தான் போட்டேன். அவ நர்சிங்தான் கேட்டிருந்தா."

"அப்பா..." என்றாள் பிரான்சி. பள்ளி கேட்டுக்குள்ளே அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சிஸ்டர் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நர்சிங் கட்டத்தில் அழிந்த கோட்டின் பள்ளம் தெரிந்திருக்க வேண்டும். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு விண்ணப்பத்துல கை வச்சதில்ல நீங்க" என்றார். "உங்ககிட்ட அப்புறம் பேசறேன், செபஸ்தியான். ரப்பரை மேஜைல வைங்க."

வைத்தார். சிஸ்டர் அந்தத் தொப்பி வைத்த ஒன்றை அழித்தார். இரண்டு கட்டமும் இப்போது காலி, இரண்டு இடத்திலும் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. தாளைத் திருப்பிப் பிரான்சியின் பக்கம் நகர்த்தி, அதன்மேல் மைப்பேனாவை வைத்தார். "நர்சிங்னா பி.எஸ்சி. கெடைக்காது, தெரியுமா? பயோ மேத்ஸ்னா ரெண்டு வருஷம் கணக்கு, அதுவும் தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர், ரெண்டும் தெரியும்."

"அப்ப நீயே போடு. அங்க இங்க பார்க்காத, தாளைப் பாரு. செபஸ்தியான், நீங்க அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்க."

செபஸ்தியான் வெளியே வந்து அறைக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மே மாத வெயில் வராந்தாத் தரையில் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. பெஞ்சில் தங்கையன் தன் மகளின் மார்க் ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலி லேசாக நகர்ந்தது. அப்புறம் நிப் தாளில் உரசுகிற சத்தம். ஒரே ஒரு கோடு. தொப்பி இல்லை, பலகை இல்லை. எந்தக் கட்டத்தில் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"டோக்கன் பன்னெண்டு" என்றார் செபஸ்தியான். தங்கையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், நீங்க சொன்னீங்களே, நல்ல குரூப்புன்னு... நெசந்தான?"