ஸ்பேனர்காரி இல்லாமல் கதவு திறக்காது

திரையில் எழுத்துப் போட்டு முடியவில்லை, அதற்குள் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆட்டினாள். பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்தாள், தரையில் வைத்தாள், மறுபடி மடிக்கே கொண்டுவந்தாள். முன்சீட்டு அம்மாள் திரும்பி ஒரு முறை முறைத்தாள். தன் கால் அந்தம்மாளின் நாற்காலியை உதைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் இவளுக்கே தெரிந்தது.

படமும் லேசுப்பட்ட படம் இல்லை. 'சாம்பல் நகரம்'. அக்காவும் தம்பியும் பள்ளிக்கூட நாளிலிருந்து பட்டன் தேயத் தேய விளையாடிய வீடியோ கேம். அதைப் படமாக எடுக்கிறார்கள் என்று சேதி வந்தபோது அவள் தன் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் யாருடைய போனையோ திறந்து போட்டிருந்தாள். துள்ளிய துள்ளலில் பொடி ஸ்க்ரூ ஒன்று எங்கேயோ தெறித்து, கடை முழுக்கத் தவழ்ந்து தேட வேண்டியதாயிற்று. சேர்ந்துதான் பார்ப்பது என்று அன்றே இருவருக்கும் பேச்சு.

ஆனால் இன்றைய தவிப்புக்குப் படம் மட்டும் காரணமில்லை. வெல்டரான தம்பிக்குக் கடல் தாண்டி ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்திருந்தது. போவானா, மாட்டானா? அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கேட்டால் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறான். "படத்தப் பாத்துட்டுப் பேசலாங்க்கா" என்று மென்று முழுங்கினான். பேசுவதற்கு எதற்குடா படம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த விளையாட்டில் இரண்டு பேர். சிவப்புச் சட்டைக்காரன் கத்தி வீசுவான், கூட வருகிறவள் இயந்திரங்களைச் சரிசெய்வாள். கேமில் அவளுக்கு வாயில் நுழையாத ஏதோ பெயர். இவர்கள் வீட்டில் அவள் ஸ்பேனர்காரி. தம்பி அழுது அடம்பிடித்துச் சிவப்புச் சட்டையை எடுத்துக்கொண்டதால் அக்காவுக்கு அவள்தான் வாய்த்தாள். அப்புறம் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க முடியாத அளவுக்குப் பிடித்தும் போனாள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஓர் இரும்புக் கதவு வரும். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் திறக்கும். ஒருத்தன் எவ்வளவு பெரிய சூரப்புலியாக இருந்தாலும், மற்றவள் வந்து சேரும்வரை அங்கேயே குதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படத்தில் சண்டையைக் குறை சொல்ல முடியாது. சிவப்புச் சட்டைக்காரன் கூரைவிட்டுக் கூரை தாவினான், லாரி கவிழ்ந்தது, பாலம் இடிந்தது. அக்காவின் கட்டைவிரல்கள் நாற்காலிக் கையை அழுத்திக்கொண்டே இருந்தன. அழுத்தி என்ன பயன்? திரையில் இருக்கிறவன் தன் இஷ்டத்துக்குத்தான் ஓடினான். "வலது பக்கம் சாவி இருக்கு, எடுடா" என்று முணுமுணுத்தாள். எடுக்கவில்லை. ஸ்பேனர்காரியாக வந்தவளுக்கோ எண்ணெய் படாத கை, கலையாத தலை.

"இவ வாழ்க்கையில ஒரு நட்டு கழட்டியிருப்பாளா?"

தம்பி சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவன்.

திரையில் சிவப்புச் சட்டைக்காரன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஏதும் நடக்கப்போகிற அறிகுறியே இல்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பி திரையை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் ஓரக்கண்ணால் அதைக் கவனித்தாள். அடுத்த காட்சியில் கதவு வந்தது. சிவப்புச் சட்டைக்காரன் ஒற்றைக் கையை வைத்தான், திறந்துகொண்டது. தனியாக உள்ளே போனான். ஸ்பேனர்காரி வெளியே நின்று கண்ணைத் துடைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அக்கா திரையை விட்டுத் தம்பியைப் பார்த்தாள். கதவு எப்படித் திறந்தது என்பது அப்புறம். அது வரப்போகிறது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறான்.

மிச்சப் படத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வெளியே வெயிலில் கண் கூசியது.

"எப்ப பாத்தே?"

அவன் மழுப்பவில்லை. "மொத நாளே. தனியா."

"சேர்ந்து பாக்கறதுன்னு பேச்சு."

"தெரியும்க்கா. நீ எப்படி எடுத்துக்குவேன்னு பாக்கணும்னு இருந்துது."

"அதுக்குப் படத்தக் காட்டணுமா? உனக்கு வாய் இல்லையாடா?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வேலைக்கு சரின்னு சொல்லிட்டேங்க்கா. படம் பாத்த அன்னிக்கே."

அக்கா விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள், வந்தது வேறு.

"படம் எடுத்தவன் அந்த கேமைத் தொட்டே பாத்திருக்க மாட்டான்! அவ எதுக்குடா அழுவா? ஒரு தடவயாவது அழுதிருக்காளா? அவன் போனா அவளுக்கு வேற வேலையே இல்லையா?"

"எனக்கும் அந்த எடம் பிடிக்கல. அவ அழ மாட்டா." கொஞ்சம் தயங்கினான். "மத்தபடி படம் எனக்குப் பிடிச்சிருந்துதுக்கா."

வேலைக்குச் சரி சொன்னதைவிட இதைச் சொல்லத்தான் அவன் அதிகம் பயந்திருக்கிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. விளையாட்டில் வழியில் வருகிற ஜாடிகளை ஒன்று பாக்கியில்லாமல் உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவள் நகர்வாள். அதுவரை இவன் கதவடியில் குதித்துக் குதித்து, "வாக்கா, வாக்கா" என்று கத்திக்கொண்டிருப்பான். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. கத்திச் சண்டை நன்றாக இருந்ததா, பின்னணி இசை காதைக் கிழித்ததா என்று வாதாடினார்கள். படத்தைப் பற்றிய பேச்சு தீர்ந்தால் மற்றதைப் பேச வேண்டியிருக்கும். இன்னொரு பஸ்ஸும் போனது. பேச்சு தீர்ந்தே விட்டது.

"ரெண்டாம் பாகம் எடுக்கறாங்களாம்" என்றான் தம்பி, சும்மா இருக்க முடியாமல்.

அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அக்கா அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பேசினாள்.

"அங்க மொதல்ல வந்துதுன்னா நீ பாத்துரு. கதைய மட்டும் எங்கிட்ட சொல்லிடாதே."