கனமே இல்லாத ரிவால்வர்

எங்கள் ஊர் பிஸ்காவில் பனி உருகிய வாரத்தில், லவோனா காடிலின் வீட்டின் மேல் ஒரு பிக்கப் வண்டியின் முன்விளக்கு வெளிச்சம் விழத் தொடங்கியது. வண்டி இல்லை. வாசலுக்கு வரும் சரளைப் பாதை காலியாகக் கிடந்தது; வெளிச்சம் மட்டும் அதன் நடுவில் எங்கிருந்தோ கிளம்பி, இரவு பகல் பார்க்காமல் முன்சுவரிலும் சன்னல்களிலும் அடித்துக்கொண்டிருந்தது. யாருடைய வண்டி என்று விசாரிக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை. வலது விளக்கு வெள்ளை, இடது விளக்கு மஞ்சள் பாரித்தது. ராய்ஸ் ஒரு மான் மேல் மோதிய வருடம், உடைந்த இடது விளக்குக்குப் பதிலாகப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒன்றை மாட்டியிருந்தான். கென்டக்கியின் இந்த மூலையில் ஒருவனை அவன் முகத்தை வைத்து அடையாளம் காண்பதற்கு முன்னால் அவன் வண்டியை வைத்துக் கண்டுவிடுவோம். ராய்ஸ் லவோனாவின் முன்னாள் கணவன். அவளை அடித்ததற்காக, அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்ட பிறகு, வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று பெட்ரோல் பங்கில் நின்று, "நான் திரும்பி வர்றது அவளுக்கு முன்கூட்டியே தெரியும், பாத்துக்கிட்டே இருங்க" என்றான். வாய்ச் சவடால் என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

முதலில் வேடிக்கை பார்த்தோம், பிறகு பழகிப்போயிற்று. எது பழகினாலும் அதில் ஓர் உபயோகத்தைக் கண்டுபிடித்துவிடுகிற ஊர் இது. பக்கத்து வீட்டு ஜெனீவா கண் மங்கியதால் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதை விட்டிருந்தாள். இப்போது மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து லவோனாவின் முற்றத்தில் உட்கார்ந்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அந்த வேலியோரத்துத் தக்காளி மற்றவர்கள் தோட்டத்தில் பூ விடுவதற்குள் பழுத்தது. கோழிகள் நேரங்காலம் தெரியாமல் முட்டையிட்டன. பாஸ்டர் இருளில் நடந்த ஜனங்கள் வெளிச்சத்தைக் கண்ட வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார், லவோனாவை எழுந்து நிற்கச் சொல்லி எங்களைக் கைதட்டவும் வைத்தார். அவள் எழுந்து நின்றாள், பாவம். தூக்கம் இல்லாத ஒரே ஆள் அவள்தான். சன்னலுக்குக் கம்பளி போட்டாள். வெளிச்சம் கம்பளியைத் தாண்டி வந்தது. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் இடது பக்கம் மஞ்சளாக இருக்கிறது என்று ஜெனீவாவிடம் சொன்னாள். "எனக்கு அப்படி ஒரு லைட்டு கிடைச்சா ராத்திரியெல்லாம் தைப்பேனடி" என்றாள் ஜெனீவா. ஊசியில் நூல் கோர்க்கிற மும்முரத்தில் சொன்னதுதான்.

ஷெரீப் ஆபீசிலிருந்து கர்ட்டிஸ் வந்தான். கெட்டவன் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தைச் சுற்றி நடந்து பார்த்தான், அதில் தன் கையை நீட்டியும் பார்த்தான்.

"வண்டி எங்கம்மா?"

"இன்னும் வரலை."

"வண்டி வராம வெறும் வெளிச்சத்துக்கு நான் என்னன்னு கேஸ் எழுதுறது? அவன் ஏதாவது பண்ணட்டும், அடுத்த நிமிஷம் கூப்பிடுங்க, ஓடி வரேன்."

"பண்ணி முடிச்சப்புறம் நான் எந்தக் கையால உன்னைக் கூப்பிடுறது கர்ட்டிஸ்?"

கர்ட்டிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு துப்பாக்கி வாங்கி வச்சுக்குங்கம்மா. உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரிந்ததும் ஒன்றுமில்லை.

டெல்பர்ட்டின் கடையில் ஒரு பக்கம் தூண்டில் புழு, மறுபக்கம் துப்பாக்கி. அவள் போன சனிக்கிழமை அங்கே ஊரின் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி, தன்னால் முடிந்த விலையில், குட்டைக் குழல் ரிவால்வர் ஒன்று வேண்டும் என்று லவோனா சொன்னதும் கடையே எழுந்து நின்றது. ஒரு பெண் துப்பாக்கி வாங்க வந்தால் இங்கே உதவி செய்யாத ஆண்பிள்ளை கிடையாது. சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்கிற உற்சாகத்தோடு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பின்னால் தோட்டாவை அடிக்கிற சுத்தி வெளியே தெரியாத மாதிரி எடு, பையில் மாட்டாது என்றார் ஒருவர். சுத்தி இல்லாத துப்பாக்கி வாலில்லாத நாய் என்றார் இன்னொருவர். பெரிய தோட்டா போடு, சின்னத் தோட்டா போடு என்று இரண்டு மச்சான்கள் சண்டைக்கே போனார்கள். "இரும்பா வாங்கும்மா, தோட்டா தீந்துபோனா தூக்கி மண்டையில எறியவாவது ஆகும்" என்றார் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த கிழவர். எல்லாரும் சிரித்தார்கள். இந்த யோசனைகளில் ஒன்றுகூட ராய்ஸைப் பற்றியதாக இல்லை. அவனோடு மான் வேட்டைக்குப் போனவர்கள் அந்தக் கூட்டத்திலேயே மூன்று நான்கு பேர் இருந்தார்கள். ஒரு போன் போட்டு, டேய், அவளை விட்டுடு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அடுத்தவன் குடும்ப விஷயத்தில் தலையிடுவது எங்கள் வழக்கமில்லை.

பச்சைத் துணி விரித்து, டெல்பர்ட் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, ஓய்வு பெற்ற போலீஸ்காரர் விற்றுவிட்டுப் போன பழைய இரும்பு ரிவால்வர். பல வருடம் இழுத்து இழுத்து விசை மெத்தென்று ஆகியிருந்தது. இன்னொன்று புதிது, அலுமினியம், ரோஜா நிறப் பிடி. லவோனா இரும்பை எடுத்தாள். காலி ரிவால்வரைத் தரையைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தாள், சிரமமில்லாமல் வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் பிஸ்கட் மாவு பிசைந்து மணிக்கட்டு போன கை அது. அதற்கே வந்தது. ரோஜாப் பிடியின் விசையோ பாதியில் நின்று, இரண்டாவது கையையும் சேர்த்த பிறகுதான் வந்தது.

"எனக்கு இந்த இரும்பே சரின்னு படுது."

"அட, அது செங்கல்லு மாதிரி கனக்கும் கண்ணு. பொம்பளைங்க பையில அதை எப்படித் தூக்கிட்டு அலைவே? இதைப் பாரு, கனமே இல்ல. பையில கிடக்கிறதே தெரியாது. விலையும் அதைவிடக் கம்மி. என் மகள் ட்ரீனாவுக்கு வாங்கினாலும் இதைத்தான் வாங்குவேன்."

சுற்றி நின்ற தலைகள் எல்லாம் ஆடின. டெல்பர்ட் ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண் என்றால் சின்னது, சின்னது என்றால் லேசானது என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் விற்று வருகிறார்கள். லேசான துப்பாக்கிதான் கையை அதிகமாக உதைக்கும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பெண்களுக்கு விற்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வராது, அவ்வளவுதான். லவோனா ரோஜாப் பிடியைப் பார்த்தபடியே ஒன்று கேட்டாள்:

"இது அவனை வரவிடாம பண்ணுமா?"

"அது வந்து கண்ணு," என்றார் டெல்பர்ட், "வரவிடாம பண்றதுக்கு இது இல்ல. வந்தப்புறம்தான் இது."

அவள் ரோஜாப் பிடியையே வாங்கினாள். அத்தனை பேர் சொல்லும்போது ஒருத்தி என்ன செய்வாள்? பழைய கல்குவாரியில் போய் ஐந்து தோட்டா சுட்டாள். கட்டைவிரல் இடுக்கு வீங்கி ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் பிஸ்கட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவள் அதைச் சுடவே இல்லை. டெல்பர்ட் சொன்னபடி கைப்பையில் போட்டு, கைப்பையைப் படுக்கையறை ஆணியில் மாட்டினாள். உள்ளே கிடப்பது நிஜமாகவே தெரியவில்லை.

வருடங்கள் போயின. ஜெனீவா அந்த வெளிச்சத்தில் இரண்டு போர்வைகள் முடித்துக் கண்காட்சியில் முதல் பரிசுக்கான நீல ரிப்பன் வாங்கினாள். இதற்கிடையில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஆரம்பத்தில் சுவரில் விழுந்த நிழல்கள் கலங்கலாக இருந்தன. பிறகு அவற்றின் ஓரங்கள் தெளிந்தன. மூன்றாம் வருடம் வேலிக்கம்பியின் முள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. "கிட்ட வந்துக்கிட்டிருக்கான்" என்று லவோனா எல்லாரிடமும் சொன்னாள். பள்ளிக்கூடச் சமையலறையில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள், கர்ட்டிஸுக்கு போன் செய்து சொன்னாள். தையல் முன்னைக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது என்றாள் ஜெனீவா.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட வேளையில், வெளிச்சம் அணைந்தது.

ஊருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிஸ்காவில் ஒருவர் செத்தாலும் பிழைத்தாலும் சமைத்து மூடிய பாத்திரத்தோடுதான் போவோம். பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அடியில் டேப் ஒட்டி அவரவர் பெயர் எழுதியிருக்கும். மத்தியானத்துக்குள் லவோனாவின் மேசை நிரம்பிவிட்டது: கோழி வைத்து வேகவிட்ட நூடுல்ஸ், பீன்ஸ், சோள ரொட்டி, வாழைப்பழ புட்டிங். பாஸ்டர் ஸ்தோத்திரம் சொன்னார். டெல்பர்ட்கூட வந்து, "பாத்தியா கண்ணு, அதைச் சுடாமலே காரியம் முடிஞ்சுது" என்றார். லவோனா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்; ஒரு வாய் சாப்பிடவில்லை.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அதான் போயிடுச்சே" என்றாள் ஜெனீவா.

"ஜெனீவா, வண்டிக்காரன் லைட்டை எப்ப அணைப்பான்?"

"எப்ப அணைப்பான்?"

"வந்து சேந்தப்புறம்தான் அணைப்பான்."

நல்ல பகடி என்று சிரித்தோம். எல்லாரும் போகாதீங்க, இன்னிக்கு யாராவது என்கூட இருங்க என்று அவள் வாசல் வரை வந்து கேட்டாள். தூக்கமில்லாத உடம்பு, நன்றாகப் படுத்துத் தூங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனோம். சரளையில் ஒரு வண்டியின் கதவு சாத்துகிற சத்தம் எங்களில் சிலருக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தோம், வண்டி ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனோம்.

அடுத்தவர் பாத்திரத்தை அழுக்காகத் திருப்பித் தருவது இங்கே பெரிய மானக்கேடு. அதனால் லவோனா தூங்கவில்லை, பாத்திரம் கழுவினாள். ராய்ஸ் பின்கதவு வழியாக வந்தபோது அவள் கையில் சோப்பு நுரையும் ஜெனீவாவின் கண்ணாடிப் பாத்திரமும் இருந்தன. கைப்பை படுக்கையறை ஆணியில் தொங்கியது. கர்ட்டிஸ் சொன்ன சொல் தவறாமல் ஓடி வந்தான். ராய்ஸ் படியில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தான், விலங்கு மாட்டக் கையையும் நீட்டினான். லவோனாவை மலைமேல் அடக்கம் செய்தோம். அடக்கத்துக்குப் பிறகு அவளுடைய தங்கை வீடு வீடாக வந்து பாத்திரங்களைக் கொடுத்தாள். எல்லாம் கழுவித் துடைத்து, பளிச்சென்று இருந்தன. ஜெனீவாவின் பாத்திரத்தில் மட்டும் ஒரு விரிசல். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்தவளை உட்காரச் சொல்லவும் தோன்றாமல் அழுதாள். ரிவால்வரைத் தங்கை டெல்பர்ட்டிடமே விற்றுவிட்டுப் போனாள். அதிகம் சுடப்படாதது என்று ஒரு சீட்டு எழுதி, அவர் அதைக் கண்ணாடிக்குள் வைத்தார்.

மறுவருடம் பனி உருகியபோது, டெல்பர்ட்டின் மகள் ட்ரீனா குடியிருந்த வீட்டின் மேல் வெளிச்சம் விழத் தொடங்கியது. இந்த முறை இரண்டு விளக்கும் சரியாக இருந்தன, நீலம் கலந்த வெள்ளை, புது மாதிரி. ஊரில் அப்படிப்பட்ட வண்டி ஒன்றுதான் இருந்தது. ட்ரீனாவோடு குடித்தனம் நடத்தி, அவள் வீட்டைவிட்டு அனுப்பிய பையனுடையது. அவள் கர்ட்டிஸைப் போய்ப் பார்த்தாள், கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றினான். அங்கிருந்து நேராக அப்பாவின் கடைக்கு வந்தாள். ஆண்பிள்ளைகள் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் யோசனை சொல்லவில்லை. டெல்பர்ட் பழைய இரும்பு ரிவால்வரைத் தேடி எல்லா இழுப்பறையையும் இழுத்தார். அதைப் போன கோடையிலேயே யாரோ வெளியூர்க்காரருக்கு விற்றிருந்தார். அவர் திரும்புவதற்குள் ட்ரீனா கண்ணாடிக் கதவைத் தானே திறந்து, ரோஜாப் பிடியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லா இருக்குப்பா. கனமே இல்ல."

"அதை வச்சிடு கண்ணு."

"விலையும் கம்மியா போட்டிருக்கே. ஏம்ப்பா, இது அவனை வரவிடாம பண்ணுமா?"

அதற்குப் பதில் டெல்பர்ட்டுக்குத் தெரியும், எங்கள் எல்லார் முன்னாலும் ஒருமுறை சொல்லியும் இருக்கிறார். பச்சைத் துணியை எடுத்தார், கண்ணாடி மேல் விரித்தார், சுருக்கம் நீக்கினார், மறுபடி மடித்தார். நாங்கள் காப்பிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பையனின் போன் நம்பர் எங்களில் பாதிப்பேரிடம் இருந்தது.

அன்று மாலை ஜெனீவா மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு ட்ரீனாவின் முற்றத்துக்குப் போனாள். புது வெளிச்சம் இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வெள்ளை நூலுக்குப் பழையதைவிட இது தேவலை என்று சொன்னாள்.