ராகுகால மாநாடு

சுடுகாட்டில் மாநாடு போடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் துரைக்கண்ணுதான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிகிற வரைக்கும் அவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே வருவீர்கள். பாவம்தான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் யோசனை அவனுடையது.

திண்டிவனத்தில் சுடரொளிப் பகுத்தறிவு மன்றம் என்று ஒன்று இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் அதற்கு மாநாடு நடத்த இடம் கிடைக்கவில்லை. கோயில் திடலைக் கேட்கப் போனவர்களைத் தர்மகர்த்தா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். சந்தைமேட்டைக் கேட்டால் அன்றைக்கு மாடு கட்ட வேண்டும், மறுநாள் வண்டி அவிழ்க்க வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கின கொல்லை ஒன்றைத் தருகிறேன் என்று மீசையை முறுக்கின ஒரு மனிதர், வீட்டுக்காரி மூக்கைச் சிந்தியதும் பின்வாங்கிவிட்டார். சாமி இல்லை என்று கத்துகிறவர்கள் மிதித்த மண்ணில் மறு போகம் எழும்பாதாம்.

மன்றத்துக் கொட்டகையில் எல்லோரும் மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்து துரைக்கண்ணு எழுந்தான்.

"புளியந்தாங்கல் சுடுகாட்டுல போடலாங்க. அமாவாசையில, ராகுகாலத்துல."

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். தலைவர் தாண்டவராயன் நாற்காலியை விட்டு இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

தாண்டவராயனும் புளியந்தாங்கல்காரர்தான். ஊர்த்தெருவில் பெரிய வீடு, ஏரிப்பாசனத்தில் நிலம், பி.ஏ. படிப்பு. பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்தவர். துரைக்கண்ணு அதே ஊரின் சேரிக்காரன். பகலெல்லாம் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குவான். மற்ற நேரத்தில் சுண்ணாம்பு வாளியும் தென்னை மட்டைத் தூரிகையுமாக மன்றத்துக்குச் சுவரெழுத்து எழுதுவான். எழுத்து அச்சடித்ததுபோல் விழும். அவனுக்கு அதில் கர்வம் உண்டு. சேரியில் பிறந்தவனைத் 'தோழர்' என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே குவளையில் தண்ணீர் கொடுத்த இடம் அந்த மன்றம். அதற்காக அவன் எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஏறுவான்.

சுடுகாடு என்று அவன் சொன்னபோது மனதில் இருந்தது ஏரிக்கரைச் சுடுகாடு. ஊர்த்தெருக்காரர்களுடையது. புளியமரமும் நிழலும் செங்கல் வைத்துக் கட்டிய சமாதிகளுமாக இருக்கும். சேரிக்காரன் அங்கே குழி வெட்டப் போகலாம், மேளம் அடிக்கப் போகலாம், உட்காரப் போக முடியாது. அங்கே ஜமுக்காளம் விரித்து, தன் சனமும் ஊர்ச்சனமும் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்பதை அவன் மனதில் பலமுறை பார்த்துவிட்டான். எந்தச் சுடுகாடு என்று கொட்டகையில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அங்கேதான் பிசகு.

நோட்டீசு அடித்தாயிற்று. 'பேயே வா, பேசிப் பார்ப்போம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. விழுப்புரத்துப் பேச்சாளர் விருத்தாசலனார் சிறப்புரை, கூட்டம் முடிந்ததும் சுடுகாட்டிலேயே சமபந்தி விருந்து. துரைக்கண்ணு விழுப்புரம் ரயிலடிச் சுவரில் எழுதினான், வளவனூர்க் கடைவீதியில் எழுதினான், கெடாரில் ஒரு வைக்கோல்போர்க்காரன் நாயை ஏவிவிட்டும் எழுதி முடித்துவிட்டுத்தான் ஓடினான். பேச்சு எங்கும் பற்றிக்கொண்டது. டீக்கடைகளில் இதே வாய். போகிறவன் ரத்தம் கக்கிச் சாவான் என்றார்கள் சிலர். அப்படியானால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள் பலர். இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்.

ஒரு நாள் மண்டி வாசலில் தாண்டவராயன் சைக்கிளை நிறுத்தினார்.

"துரைக்கண்ணு, உங்க பக்கத்துச் சுடுகாடுதாம்ப்பா தோது. டிரங்க் ரோட்டு ஓரம். லாரி நேரா வந்து நிக்கும்."

மூட்டையை இறக்கிவிட்டு அவன் முதுகை நிமிர்த்தினான். "நான் ஏரிக்கரைய நெனச்சிக்கினு இல்லீங்களா சொன்னேன்."

"அங்க எப்படிப்பா. எங்க மாமன் பெரியதம்பி ஒருத்தர் போதும் கலாட்டா பண்ண. நல்ல காரியம் அடிதடியில முடியணுமா?"

"எங்க பக்கத்துல எம் பொண்ணு இருக்குதுங்க."

அந்தப் பெண்ணுக்கு அறிவுச்செல்வி என்று பேர் வைத்தவரே தாண்டவராயன்தான். சேரிக்குள் வந்து, குடிசை வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, கேப்பைக் கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் பேர் வைத்தார். போன மாசி மாதம் காய்ச்சல் கண்டு அந்தக் குழந்தை போய்விட்டது. அவர் கண்ணிலும் ஈரம் தெரிந்தது. ஆனால் வாய் வேறு பேசிற்று.

"இருக்குதுன்னு நீங்களே சொல்லலாமா தோழர்? செத்தவங்க எங்கயும் இருக்கறதில்லன்னு நாம பேசறது பின்ன யாருக்கு?"

பேய்க்கா துரைக்கண்ணு பயந்தான்? புதைத்த இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்றா நினைத்தான்? கால் படக்கூடாது என்கிறது மனசு. அதற்கு மன்றத்தில் பெயர் இல்லை, மூடநம்பிக்கை என்ற ஒன்றைத் தவிர. ஏரிக்கரையில் உங்கள் அப்பா கிடக்கிற இடம் மட்டும் ஏன் வேண்டாம் என்று திருப்பிக் கேட்க நினைத்தான். கேட்கவில்லை. தாண்டவராயன் அதற்குள் சைக்கிள் ஏறியிருந்தார்.

"முள்ளையெல்லாம் வெட்டிட்டு, மேடு பள்ளத்தைக் கொத்திச் சமம் பண்ணிடு. ரோட்டுல வழிக்கு அம்புக்குறியும் போட்டுடு."

வீட்டில் துரைக்கண்ணுவின் பெண்டாட்டி அஞ்சம்மாள் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்துவிட்டது; சேரியில் சேதிக்கு என்ன பஞ்சம். பிள்ளை செத்த மூன்றாம் நாள் பால் தெளிக்க வேண்டும் என்று அவள் செம்பை எடுத்தபோது அவன் பிடுங்கி வைத்துவிட்டவன். மண் குடிக்கிற பாலை உயிருள்ள பிள்ளைக்குக் கொடு என்று பிரசங்கம் செய்தான். அவள் அழுது, சண்டை பிடித்து, கடைசியில் சரி என்று விட்டுவிட்டாள். நாய் தோண்டாமல் இருக்கக் கருவேல முள்ளை வெட்டிக் கொண்டுபோய் அந்தச் சின்ன மேட்டின்மேல் போட்டு மூடியது ஒன்றுதான் தாயாக அவள் செய்தது.

"ஏன்யா," என்றாள் துடுப்பை நிறுத்தாமல். "பால் ஊத்தினா பகுத்தறிவு போயிடும்னியே. மிதிச்சா போவாதா?"

அவன் சுண்ணாம்பு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"எம் பொண்ணு மேல ஒரு காலு படக்கூடாது. பட்டுச்சுன்னா நீ யாரோ நான் யாரோ. அவ்வளவுதான்."

"படாது," என்றான் துரைக்கண்ணு. "நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவனுக்கே தெரியாது. மறுநாள் அம்புக்குறி எழுத வாளியில் சுண்ணாம்பைக் கரைக்கும்போதுதான் தெரிந்தது. டிரங்க் ரோட்டில் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் மைல்கல் ஒன்று உண்டு. வலப்பக்கம் போனால் சேரிச் சுடுகாடு, இடப்பக்கம் போனால் ஏரிக்கரை. அவன் தூரிகையை முக்கினான். அம்புக்குறி இடப்பக்கம் பார்த்தது. அதன் கீழே 'மாநாட்டுக்கு வழி' என்று நிறுத்தி நிதானமாக எழுதினான். சேரிப் பக்கத்து முள்ளில் அவன் கையே வைக்கவில்லை.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வெயில் சாயும் நேரத்துக்கு லாரி லாரியாகச் சனம் வந்து இறங்கிற்று. கறுப்புச் சட்டைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பனமலைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். அத்தனை பேரும் அம்புக்குறியைப் பார்த்து ஏரிக்கரைக்குப் போனார்கள். தாண்டவராயன் பேச்சாளரை அழைத்துவர விழுப்புரம் போயிருந்தார்; மைக் செட்டுக்காரன் வெளியூரான். துரைக்கண்ணு காட்டிய இடத்தில் அவன் குழாயைப் புளியமரத்தில் கட்டினான், மேஜையை ஒரு செங்கல் சமாதிக்குப் பக்கத்தில் போட்டான். சேரிச் சனமும் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தது. யாரும் துரத்தவில்லை. வெளியூர்த் தோழர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். புளியமர நிழலில் தன் பெரியப்பன் துண்டை உதறி விரித்து உட்கார்ந்ததைத் துரைக்கண்ணு பார்த்தான். அவன் வாழ்நாளில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அது ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான் நின்றது. ஏரிக்கரை மேல் பெரியதம்பி தலைமையில் ஊர்த்தெரு ஆட்கள் தடியோடு வரிசையாக நின்றார்கள். அதே சமயம் விழுப்புரம் காரும் வந்தது. தாண்டவராயன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். தடிக்காரர்களை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராகப் போய் அந்தச் செங்கல் சமாதியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு இங்க மேஜை போட்டது?"

"நான்தாங்க," என்றான் துரைக்கண்ணு. "மேல யாரும் உக்காரல. பக்கத்துலதான் போட்டிருக்குது."

"எங்கப்பாடா அது!"

பத்து வருஷப் பழக்கத்தில் அவர் அவனை 'டா' போட்டது அன்றுதான். சொன்ன பிறகு அவரும் திகைத்துப்போனார். தாண்டவராயனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று துரைக்கண்ணு நினைத்தான். புரிந்தது உண்மைதான். முகம் கறுத்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவர் மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே, அம்புக்குறி தவறாகப் போடப்பட்டுவிட்டது. மாநாடு எதிர்ப்பக்கத்துச் சுடுகாட்டில். அமைதியாக எழுந்து வாருங்கள்."

புரிந்தும் இதைச் செய்தவரை என்னவென்று சொல்வது. விருத்தாசலனார் காரை விட்டு இறங்கவே இல்லை. "எந்தச் சுடுகாடானால் என்ன, சாம்பல் சாம்பல்தானே," என்று உள்ளிருந்தபடியே சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சனம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தது. பெரியதம்பி தடியை ஊன்றிக்கொண்டு, மேஜை தூக்குகிறவர்களுக்குப் பாதை காட்டினார்.

துரைக்கண்ணு ஓடினான். கூட்டத்துக்கு முன்னால் ஓட வேண்டும் என்று வரப்பிலும் சேற்றிலும் விழுந்தடித்து ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் தொண்டர்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டார்கள். ஜல்தியாக முடிக்க வேண்டும் என்று மண்வெட்டியும் அரிவாளுமாக முள்ளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன மேட்டின் முள் போய்விட்டிருந்தது. மேடு மட்டும் இருந்தது. அவன் போய் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, மேட்டைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"நகருங்க தோழர், மேடை கட்டணும்," என்றான் ஒருவன்.

"கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க," என்றான்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளியே கட்டினார்கள். சனம் வந்து நிரம்பிற்று. முன்னால், பின்னால், பக்கவாட்டில், மற்ற மேடுகள் மேலெல்லாம் உட்கார்ந்தார்கள். அவன் கால்களுக்கு நடுவில் மட்டும் இடம் இருந்தது. ரோட்டோரப் பனைமரத்தடியில் சேரிப் பெண்களோடு அஞ்சம்மாள் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள்.

விருத்தாசலனார் மேடை ஏறினார். கணீரென்ற குரல். பேயை அழைத்தார், பிசாசை அழைத்தார், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பேசிக்கொண்டே வந்தவர் துரைக்கண்ணுவைப் பார்த்துவிட்டார்.

"அதோ பாருங்கள் தோழர்களே. ஒரு புதைகுழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் நம் தோழர். பயம் உண்டா அவரிடம்? இதுதான் பகுத்தறிவு. எழுந்து நில்லுங்கள் தோழரே, உங்கள் முகத்தை நாடு பார்க்கட்டும்."

எழக்கூடாது என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் அந்தக் குரல் கூப்பிட்டு அவன் ஒருநாளும் உட்கார்ந்தே இருந்ததில்லை. கால் தானாக மடங்கி எழுந்துவிட்டது. கைதட்டல் காதை அடைத்தது. பின்னால் இருந்தவர்கள் அவனைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். யாரோ அவன் கழுத்தில் துண்டைப் போட்டார்கள். பனைமரத்தடியில் அஞ்சம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். எதற்குப் போகிறாள் என்று விளங்காமல் ஒரு கணம் நின்றான். விளங்கியதும் கீழே பார்த்தான்.

வளவனூர்த் தோழர் ஒருவர், கனத்த சரீரம், துண்டை மடித்துப் போட்டு அந்த மேட்டின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். முகமெல்லாம் சிரிப்பாக அவனுக்காகத்தான் கைதட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்ததும் அவன் வேட்டி நுனியைப் பிடித்து மரியாதையாக இழுத்தார்.

"உக்காருங்க தோழரே," என்றார். "மறைக்குது."