நீ யாரோ, நான் யாரோ

...அப்படிப் பார்த்தால் பரிசு வாங்கிய நாளைச் சொல்லலாம், கேட்பவர்களுக்குப் பிடிக்கும், கைதட்டுவார்கள், ஆனால் அது பொய்யாகிவிடுமே, பரிசு வாங்க மேடை ஏறியபோது செருப்பு வார் அறுந்து மானத்தை வாங்கிவிடுமோ என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் இல்லை, அதைப் போய் மறக்க முடியாத அனுபவம் என்று எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்தபடி நீள பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். கருத்தரங்க அறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே படம் பிடிக்கிறார்கள். படிப்பு முடிந்து வெளியேறுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்து, இந்தக் கல்லூரியில் மனதில் நின்றது எது என்று ஓரிரு நிமிடம் பேச வேண்டும், எல்லாவற்றையும் கோத்துப் பட்டமளிப்பு விழாவில் பெரிய திரையில் காட்டுவார்களாம். வேதியியல் துறை முறை வந்து காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. போனவர்கள் எல்லோரும் சுற்றுலாவைச் சொன்னார்களாம், ஒருத்தி மட்டும் அழுதாளாம். சொல்ல என்ன இருக்கிறது என்பதல்ல அவள் கவலை. சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போவது ஊடகத்துறை இரண்டாம் ஆண்டுப் பெண், அந்தப் பெண் அவளுடைய மகள், அங்கேதான் இடிக்கிறது.

நாற்பது வயதில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. சொன்னால் யாரும் நம்புவதில்லை, முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று வணக்கம் வைத்தது, இவளும் பதறிப்போய் வணக்கம் வைத்துவிட்டுக் கடைசி வரிசையைத் தேடி ஓடினாள், அதற்குப் பிறகு உள்ளே வந்த உண்மையான ஆசிரியைக்கு யாரும் எழவில்லை. அதற்கும் முன்னால், இருபது வயதில், வேறொரு கல்லூரியில், இதே பாடம்... ஆய்வுக்கூடத்து வாடை பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது, அமிலத்தின் வாடை என்று எல்லோரும் சொன்னார்கள், அமிலம் இல்லை, வயிற்றில் இவள் இருந்தாள், இப்போது உள்ளே கேமராவை முடுக்கிக்கொண்டிருக்கிறாளே இவள்தான். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்றார் மாமியார், நல்ல மனதோடுதான் சொன்னார், அடுத்த வருஷம் என்பது என்ன, வந்துகொண்டேதான் இருந்தது, அவள் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், பாதி புரியும், பாதி எரிச்சலாக இருக்கும். வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் அவர்தான் சொன்னார், பாதி மாடியில நின்ன லிப்ட்டை மறுபடியும் ஓட்டலாம், ஒண்ணும் தப்பில்ல, முதல்ல லேசா ஒரு குலுக்கல் இருக்கும், அவ்வளவுதான், சோத்தை நான் வடிக்கிறேன், குழைஞ்சா மட்டும் மூஞ்சியைத் தூக்கக்கூடாது என்று. குழைந்துதான் போனது, நிறைய நாள். அவள் மூஞ்சியைத் தூக்கவில்லை.

இவள் சேர்ந்த மறு வருஷம் மகளும் இதே கல்லூரிக்கு வந்தது யாருடைய திட்டமும் இல்லை. கேட்ட பாடம் இங்கேதான் கிடைத்தது, பஸ்ஸும் வசதி. சேருவதற்கு முந்தைய வாரம் அடுப்படியில் வந்து நின்று, வெங்காயத் தோலை விரலால் கிழித்துக்கொண்டே, ஒரு விஷயம் சொல்லணும்மா என்றாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை, வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அதற்கு மேல் வாயைக் கிண்டினாலும் வராது, அப்படிப்பட்டவள் தானாக வந்து நின்றதும் இவள் நறுக்குவதை விடாமலே காதைத் தீட்டிக்கொண்டாள். காலேஜுக்குள்ள நீ யாரோ, நான் யாரோன்னு இருப்போம்மா, தப்பா எடுத்துக்காத, கேட்டுக்குள்ள போற வரைக்கும் ஒண்ணா போலாம், உள்ள போனதும் வேண்டாம். இவள் சரி என்றாள். சரி என்று சொன்ன வேகத்தை இப்போது நினைத்தாலும் வியப்புதான், கத்தி மட்டும் வெங்காயத்தின் மேல் நின்றுவிட்டது. அவமானமாக இருக்குமோ பிள்ளைக்கு, இந்த நரையும், இந்தப் பெரிய பையும்... அந்த முதல் சில வாரங்கள், உணவகத்தில் மகளின் பார்வை ஒரு காலி நாற்காலியைத் தாண்டுவது போல இவளைத் தாண்டிப் போகும், அப்போதெல்லாம் தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொள்ளும். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஒட்டடைக்குச்சி கேட்பான், என்னக்கா, காரமா? ஆமாம்ப்பா, காரம்.

ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தது அவளில்லை, வகுப்பே வைத்தது, அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி, குனிந்துதான் கதவுக்குள் வருவான். ஆய்வுக்கூடத்தில் வரிசைப்படி அவனுக்கு இவள் ஜோடி. ஆன்ட்டி என்று ஆரம்பித்தான், ஒருநாள் முறைத்ததில் அக்காவாகிவிட்டது. எந்தக் குடுவையையும் உருப்படியாகக் கழுவமாட்டான், ஆனால் கணக்கு மின்னல் மாதிரி போடுவான், இவள் கழுவுவாள், அவன் போடுவான், அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போதும் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து அட்டைக் கோப்பால் விசிறிக்கொண்டிருக்கிறான், தன்னுடையதைச் சொல்லி முடித்துவிட்டானாம். என்ன சொன்ன என்று கேட்டால், உங்களைத்தான்க்கா சொன்னேன் என்கிறான், கேலியா நிஜமா தெரியவில்லை, அவன் முகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த மத்தியானம்... சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு, ஜன்னலில் வெயில், தரம் பார்க்கிற சோதனை. அளவுக்குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விட வேண்டும், நிறமே இல்லாத தண்ணீர் மாதிரி இருப்பது ஏதோ ஒரு சொட்டில் வெட்கப்பட்ட மாதிரி லேசாகச் சிவக்கும், அங்கே நிறுத்திவிட வேண்டும், ஒரு சொட்டு கூடினாலும் கெட்டது. இவள் குடுவையை ஆட்டுகிறாள், அவன் குழாயின் திருகைப் பிடித்திருக்கிறான், மெதுவா, மெதுவா, நிறுத்துடா என்கிறாள், அந்த நேரம் பார்த்து அவனுக்குத் தும்மல். திருகு முழுசாகத் திறந்துகொண்டது, குடுவை முழுக்க ரோஜாப்பூவைக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. அவன் ரொம்பத் தீவிரமாக அதைப் பார்த்துவிட்டு, லேசா சிவந்திருக்குல்லக்கா என்றான். அவ்வளவுதான். அடக்கத்தான் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் சிரிக்க, அவன் சிரிப்பைப் பார்த்து இவள் சிரிக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள், ஆசிரியை, இவளைவிடப் பத்து வயதாவது சின்னவள், பாவம், சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் கடைசியில், ரெண்டு பேரும் வெளிய போய் நில்லுங்க என்றாள்.

வெளியே நின்றார்கள். நடைபாதையில், சுவர் ஓரமாக, கையில் ஈரம் காயாமல். நாற்பது வயதில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா? பள்ளிக்கூடத்தில்கூட ஒருநாளும் நிறுத்தியதில்லை, அவ்வளவு சமர்த்து. ஒட்டடைக்குச்சி பக்கத்தில் நின்று, ஆன்ட்டியைக் கெடுத்துட்டேன் என்று தனக்குள் முனகினான், மறுபடி பொங்கியது. அப்போதுதான் நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்து ஒரு கூட்டம் வந்தது, நடுவில் மகள். ஐயோ, பார்த்துவிடுவாளே, வீட்டில் சொல்லிவிடுவாளே, வெளியே நிற்கிறாளே அம்மா... உடனே ஞாபகம் வந்தது. நீ யாரோ, நான் யாரோ. மகள் நேராகப் பார்த்தபடி, ஒரு தூணைக் கடப்பது போலக் கடந்து போனாள். தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. சிக்காதது மட்டுமில்லை, உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்து லேசாகிவிட்டது, இந்தக் கேட்டுக்குள் நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மருமகள் இல்லை, திருகைச் சரியாகப் பிடிக்காத ஒரு தடியனோடு வெளியே நிற்கிற ஒருத்தி, அவ்வளவுதான்... அந்த மத்தியானம்தான். மூன்று வருஷத்தில் எதையாவது மூட்டைகட்டி எடுத்துப்போகச் சொன்னால் அதைத்தான் எடுத்துப்போவாள். ஆனால் அதைப் போய்ப் பெற்ற மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதா? உனக்கு அம்மாவாக இல்லாமல் இருந்த அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இனித்தது என்று? இருபது வருஷத்துக்கு முன்னால் எதனால் படிப்பு நின்றது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், யாரோ சொல்லித் தெரியும், இதையும் அதையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும், பிள்ளைகள் அப்படித்தானே போடுவார்கள்...

கதவு திறந்தது. அடுத்து நீங்கதானேக்கா என்றாள் ஒரு கண்ணாடிக்காரப் பெண், விளக்குப் பிடிப்பவள். உள்ளே வெளிச்சத்தில் கண் கூசியது, நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் வந்து சின்ன மைக்கைக் கழுத்தோரத் துணியில் பொருத்தினாள், விரல்கள் சில்லென்று இருந்தன, காலையில் இந்த விரல்கள்தான் நேரமாகிவிட்டதென்று அவசரமாகத் தண்ணீர்ப் புட்டியை நீட்டின. பேர் கீழ எழுத்துல வந்துடும், நீங்க நேரா விஷயத்துக்கு வந்துடுங்க என்றாள் மகள், என்ன அழகாக நீங்க என்கிறாள், கண்ணாடிக்காரிக்கு ஒன்றும் தெரியாது என்பது புரிந்தது, இத்தனை நாள் கூடவே சுற்றுகிறவளுக்கே தெரியாது, கெட்டிக்காரிதான். பரிசைச் சொல்லிவிடலாமா? வாய் திறந்தபோது, என்னைக் கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்சாங்க என்றுதான் வந்தது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை, தும்மல், ரோஜா நிறம், ஆசிரியையின் முகம், கண்ணாடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டதில் விளக்கு ஆடியது. அப்போ எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு அந்த வழியா போச்சு, என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. நல்ல பொண்ணு. அன்னைக்கு மாதிரி நான் சந்தோஷமா இருந்ததில்ல. அவ்வளவுதாம்மா. கேமராவுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை, வெளிச்சம் நடுவில் நின்றது. நல்லா வந்துச்சுக்கா, அடுத்த ஆளு வந்தாச்சான்னு பாக்குறேன் என்று கண்ணாடிக்காரி வெளியே போனாள்.

மகள் மைக்கைக் கழற்ற வந்தாள். கழற்றாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உனக்குக் கோவமே இல்லையா, அவ பாக்காம போனதுக்கு? இல்லையே. கொஞ்சம்கூடவா? முன்னாடி இருந்துச்சு, அன்னைக்கு இல்ல. மகள் வயரைச் சுற்றினாள், சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினாள். எங்க கூட்டத்துல கேட்டாங்கம்மா, யாருடி அது, இந்த வயசுல இப்படிச் சிரிக்கிறாங்கன்னு. தெரியலையேன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லல, அந்த நேரம் நிஜமாவே தெரியல. இவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று புரியவில்லை, மகளின் முழங்கையைத் தொட்டாள், தொட்டதும் கதவு திறந்தது, எடுத்துவிட்டாள். கண்ணாடிக்காரி தலையை நீட்டி, வக்கீலு, அடுத்தவங்களை அனுப்பவா, இல்ல இன்னும் வாதம் பாக்கியிருக்கா என்றாள். அனுப்பு என்றாள் மகள். தேங்க்ஸ்ங்க என்றாள் இவளிடம்.

வக்கீலா? நடைபாதைக்கு வந்த பிறகுதான் அது காதில் ஏறியது. வாயைத் திறக்காத பெண்ணுக்கு யார் வைத்தார்கள் அந்தப் பெயரை, என்ன வாதாடினாள், யாருக்காக, எப்போது? அன்றைக்கு மத்தியானம் கூட்டத்தின் நடுவில் வந்தாளே, கூட்டம் சிரித்துக்கொண்டு வந்ததா, அவளும் சிரித்தாளா, கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாளா... எவ்வளவு தட்டிப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை, தன்னைப் பார்க்காமல் போனாள் என்பது மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கேட்டுக்குள் அவளும் யாருக்கும் மகளாக இல்லாமல்தானே இருந்தாள், எதைக் கழற்றி வைப்பதற்காக அந்த நீ யாரோ, நான் யாரோவை முதலில் கேட்டாள்? சரி என்றாளே தவிர, ஏன் என்று இவள் ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை, நரைக்காகவும் பைக்காகவும்தான் என்று தானே முடிவுகட்டிவிட்டாள். உள்ளே திடீரென்று ஒரு சிரிப்பலை எழுந்தது, இரண்டு மூன்று பெண்குரல்கள் சேர்ந்து, அதில் ஒன்று மற்றவற்றை அடக்கிக்கொண்டு வேகமாக ஏதோ பேசியது, மறுபடி சிரிப்பு. கிளம்பலாமாக்கா, பஸ்ஸு போயிடும் என்றான் ஒட்டடைக்குச்சி. இருப்பா என்று அவள் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தாள், வயிற்றில் சுமந்த நாளிலிருந்து கேட்ட குரல்தானே, கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள், எந்தச் சிரிப்பு அவளுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.