முதல் மடக்கு டிரைவருக்கு

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கனகசெட்டிக்குளத்துக்காரர்கள் விசைப்படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். இந்த வருஷம் அதே அறுபது நாளில் என்னையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று என் மனைவி ஜெயசித்ரா முடிவு செய்தாள்.

யோசனையில் குறையில்லை. ஏப்ரல் பதினைந்தில் தடை ஆரம்பித்ததும் சேர்ந்திருந்தால் மே நடுவில் புது ஆளாக வெளியே வந்திருப்பேன். நான்தான் ஊர் அம்மன் கோயில் செடல் திருவிழா முடியட்டும் என்றேன். செடல் முடிந்ததும், வந்த உறவுக்காரர்கள் கிளம்பட்டும் என்றேன். அவர்கள் கிளம்பியதும், வழியனுப்பிய களைப்பு தீரட்டும் என்றேன். எல்லாம் தீர்ந்து, மே இருபதாம் தேதி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் போதை மறுவாழ்வு இல்லத்தில் என்னைச் சேர்த்தாள். முப்பது நாள் சிகிச்சை. ஜூன் பத்தொன்பது காலையில் விடுவார்கள். கடல் திறப்பதோ ஜூன் பதினைந்து. காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு இருபது வருஷம் படகு ஓட்டியவனுக்கு, காலண்டரில் நாலு நாள் தப்பிப்போனது.

முதல் நாள் என் பையைக் கொட்டிப் பார்த்து ஷேவிங் லோஷனை எடுத்துக்கொண்டார்கள்.

"இதையெல்லாம் எவன் மேடம் குடிப்பான்?"

"போன மாசம் இதே கட்டில்ல இருந்தவரு" என்றார் கவுன்சிலர் தாமரைச்செல்வி மேடம்.

அப்புறம் கையில் டிரிப்ஸ் ஏறியது. டீ டம்ளரைப் பிடித்தால் பாதி சட்டைக்குப் போனது. நர்ஸம்மா அரை டம்ளர்தான் ஊற்றினார். மூன்றாம் நாள் சுவரில் கணவாய் மீன்கள் வரிசையாக ஏறிப் போயின. அவற்றைப் பக்கத்துக் கட்டில் ராஜ்கமலிடம் நான் ஏலம் விட்டேனாம். ராஜ்கமல் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனிக்காரர், மீனே சாப்பிடாதவர். என் மனம் நோகக் கூடாது என்று ஒரு கூடை கேட்டு எடுத்தாராம்.

ஐந்தாறு நாளில் நடுக்கம் நின்றது. தலை தெளிந்ததும் அது முதலில் நினைத்தது பதினைந்தாம் தேதியைத்தான். நான் ஓட்டும் முதலாளி படகில், கடல் திறக்கிற அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவன்தான் அந்த வருஷம் முழுக்க டிரைவர். என்னிடம் தொழில் பழகிய முத்துவேல் ஆறு வருஷமாக அந்த நாளுக்குக் காத்திருக்கிறான். நான் போகாவிட்டால் அவன் பிடிப்பான். பிறகு நான் ஐஸ் பெட்டிப் பக்கம் நின்று வலை இழுக்க வேண்டியதுதான்.

தினமும் மேடத்திடம் போய் நின்றேன். முன்கூட்டிப் போக வேண்டுமானால், சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அது விதி.

"அது உங்க வீட்டம்மா பாடு. ஆனா அன்னிக்கு படகுல என்ன நடக்கும்னு ஒருநாள் குரூப்ல சொல்லுங்க" என்றார் மேடம்.

குரூப் என்பது காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வது. நான் சொன்னேன். டால்பின் கதை சொன்னேன், வலையில் பிளாஸ்டிக் நாற்காலி வந்த கதை சொன்னேன். ராஜ்கமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பதினஞ்சு நாளா பேசுறீங்க, எல்லாரும் சிரிச்சாச்சு. நோட்டுல எழுத எனக்கு ஒரு வரி கிடைக்கல" என்றார் மேடம்.

அன்றைக்குப் படகில் நடப்பது இதுதான். கடல் திறக்கும் நாளில் படகின் முனையில் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஒரு பாட்டிலைத் திறப்பார்கள். முதல் மடக்கு டிரைவருக்கு. அவன் கையிலிருந்துதான் மற்ற எட்டுப் பேருக்கும் போகும். டிரைவர் வேண்டாம் என்றால் அந்த வருஷம் வலை வெறுமையாக வரும் என்பது நம்பிக்கை. வலை எந்த வருஷமும் பாதி வெறுமையாகத்தான் வருகிறது. ஆனால் அப்போது திட்டுவதற்கு ஒரு டிரைவர் கிடைத்துவிடுவான்.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தார் வரும் நாள். ஜெயசித்ராவிடம் பேசுவதற்கு ஒரு வசனம் தயார் செய்து, ராஜ்கமலிடம் இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தேன். 'பாட்டிலை உதட்டில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவேன், என்னை நம்பு' என்று முடியும். ராஜ்கமல் கண் கலங்கினார்.

பெரிய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மீன் விற்று முடித்து, மூன்று மணிக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"சாமிக்கண்ணு மொதலாளி காலையிலயே போன் பண்ணிட்டாருய்யா. இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள நீ வந்துடணுமாம். நான் கையெழுத்து போட்டுடறேன், கெளம்பு."

"படகுல பாட்டில் ஒடைப்பாங்களே."

"தெரியும். உதட்டுல வச்சிட்டு துப்பிடு. எவன் வாயில பூந்து பாக்கப் போறான்."

என் வசனம்தான், அப்படியே. என் வாயில் அத்தனை அழகாக இருந்தது, அவள் வாயில் கேட்டதும் எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. மேடம் படிவத்தை நீட்டினார். ஜெயசித்ரா பேனாவை வாங்கினாள்.

"ஜெயா, போடாத."

"வெளாடாதய்யா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

இது என் சொந்தச் சம்பாத்தியம். நாற்பத்தாறு வருஷம் எல்லாரையும் சிரிக்க வைத்ததில், ஒரு வார்த்தை நிஜமாகச் சொன்னாலும் செல்லுபடி ஆவதில்லை.

"நெசமாத்தான் சொல்றேன். போன வருஷம் கோயில்ல கயிறு கட்டி குடிய நிறுத்தினேன் இல்ல? கடல் தொறந்த அன்னிக்கி உதட்டுலதான் வச்சேன். துப்பவும் செஞ்சேன். மத்தியானம் போதையில ஐஸ் பெட்டி மேல கெடந்தேன். முத்துவேலுதான் படகைக் கரைக்குக் கொண்டாந்தான்."

"இன்ஜின் ரிப்பேருன்னு சொன்னியே."

"இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு."

அவள் பேனாவை மூடினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒரு வருசமா அந்த மெக்கானிக்க நான் வாய்க்கு வந்தபடி ஏசிட்டிருக்கேன்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் கூட நின்னு நீயும் ஏசினியே."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயசித்ரா போனை எடுத்து, முதலாளிக்குப் போட்டு, என் காதில் வைத்தாள்.

"மொதலாளி, நான் வரல. நாளைக்குப் படகு ஏறினா குடிச்சிடுவேன்."



"நாலு நாள் கழிச்சி வா, பாப்பம்" என்றார் அவர். "ஆனா முத்துவேலு நல்லா புடிச்சிட்டான்னா நான் இன்னா பண்றது இருசப்பா? நீயே சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம். அவன் நல்லாத்தான் புடிப்பான்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். 

"ஜெயா, முத்துவேலுகிட்ட ஒண்ணு சொல்லணும். எழுதிக்க."

அவள் படிவத்தைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்தாள். "மெதுவா சொல்லு."

"ரிவர்ஸ் போடும்போது கியர் ஒருவாட்டி வழுக்கும். பயந்துடாம இன்னொருவாட்டி போடணும். முகத்துவாரத்துல மணல் தெக்கால ஏறியிருக்கும், வடக்கால ஒட்டியே போவச் சொல்லு. வலை பாறையில மாட்டிச்சின்னா வேகத்தைக் கூட்டக் கூடாது. அவன் கூட்டுவான்."

எழுதினாள். 'அவன் கூட்டுவான்' என்பதையும் எழுதினாள். மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பத்தொம்பதாம் தேதி எத்தினி மணிக்கு வுடுவாங்க?"

"காலையில பத்து."

"மார்க்கெட்ல யாவாரம் முடிஞ்சி பதினொண்ணுக்குத்தான் வருவேன்."

"அதுவரைக்கும் வாசல்ல நிக்கட்டுமா?"

அவள் வாசலைப் பார்த்தாள். அதற்கு அப்பால் இருந்த ரோட்டைப் பார்த்தாள்.

"வேணாம். உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.