கணுவுக்கு ஒரு வேர்

புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நின்ற படம், எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு கட்டைவிரல்களை வாங்கியது. அதில் ஒன்று என்னுடையது.

சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருக்கும் சரிவில் முருங்கை, கத்தரி, பாண்டான் என்று ஆளுக்கொரு பாத்தி. எங்கிருந்தோ வந்த காட்டுக்கொடி அத்தனையையும் மூடிவிட்டது. இலை இதய வடிவம். அதைப் பார்த்தே இரண்டு வருஷம் ஏமாந்தோம். கடைசியில் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது: இரண்டு மாதத்தில் சுத்தம் செய்யாவிட்டால் சமப்படுத்தி, சிமெண்ட் போட்டு, கார் நிறுத்துமிடம். உடனே கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் வேலை, என்று அறிவித்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொடியைக் கொத்துமல்லியாக நறுக்கித் தள்ளினேன்.

மூன்று வாரத்தில் ஒவ்வொரு துண்டும் முளைத்திருந்தது.

கீழ்வீட்டுப் புஷ்பவல்லி ஒரு துண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கணுவில் வெள்ளை வேர்.

"கார்த்திகேசு அண்ணே, நீங்க வெட்டல. பதியம் போட்டிருக்கீங்க."

"மெஷின் பவர் அப்படி லா."

"பவர் போதும். கையால பிடுங்கணும், வேரோட. ஒரு துண்டு தரையில கிடக்கக் கூடாது. இன்னும் அஞ்சு ஞாயிறுதான் இருக்கு."

அவர் வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். ஒன்றிரண்டு கொண்டுவரக் கூடாதா என்றேன். "க்ளவுஸ் போட்டா வேர் எங்க இருக்குன்னு தெரியாது" என்றார்.

முட்டி வலி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஷம்சுதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து வந்து முனைக்கடையில் ரொட்டி போடுகிறவர். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

"மாவு பிசையிற கை, பாஸ். இதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க கோணியப் பிடிங்க, போதும்."

அந்தச் சரிவில் அவருக்கு ஒரு பாத்திகூடக் கிடையாது. நானும் உட்கார்ந்தேன்.

பந்தியில் உட்கார்வதுபோல் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து, மேலிருந்து கீழே நகர்ந்தோம். நாலாம் மாடி லிம் ஆன்டி பின்னாலேயே வந்து, விட்டுப்போன துண்டுகளைப் பொறுக்கினார். பெரும்பாலும் என் வரிசையில். பிடுங்கியதையெல்லாம் கறுப்புப் பைகளில் கட்டி, சிமெண்டுத் தரையில் வெயிலில் வாட்டினோம். இரண்டாம் வாரத்திலிருந்து, வேலைக்குக் கிளம்புமுன் புதுத் தளிர் தேடி நானே சரிவுக்கு ஓடினேன். மனைவி இந்திராவுக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது. நாலாவது ஞாயிறு மழை கொட்டியது. சரிவில் உட்கார்ந்திருந்த இருபத்து மூன்று பேரில் ஒருவரும் எழுந்து போகவில்லை. என் கண்ணில் இருந்தது மழைத்தண்ணீர்தான். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அஞ்சாவது ஞாயிறு போய், திங்கட்கிழமை நகராண்மைக் கழக அதிகாரி வந்தார். சரிவில் ஏறி இறங்கினார். சப்பாத்து முனையால் மண்ணைக் கிளறினார். குனிந்து முருங்கையின் அடியைப் பார்த்தார். ஒரு தளிர்கூட இல்லை.

"கொந்திரெக்டர் சியாப்பா?"

எந்தக் குத்தகைக்காரரைப் பிடித்தீர்கள் என்று கேட்கிறார். இந்த மாதிரி இடத்தில் முந்திக்கொண்டு பேசுவது நான்தான். அன்றைக்கு முந்திக்கொண்டவர் புஷ்பவல்லி. இரண்டு கைகளையும் நீட்டினார். அடுத்து ஷம்சுதீன். லிம் ஆன்டி. நானும் நீட்டினேன். நகக்கண்ணெல்லாம் போகாத பச்சைக் கறை. அதிகாரி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய பேனா மூடி திறந்திருந்தது. தாளில் குத்தகைக்காரர் பெயருக்கான கோட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.